பதில்: ஹாப்பிங் - கலைச்சொல் வேண்டும்

> ஹாப்பிங்குக்கு, அதாவது ஹாப் என்ற சுழலும் கருவியால் பற்சக்கரத்தின் பல்லை வெட்டும் முறைக்கு, 'புழுவெட்டு' சரியா? பழைய மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தின் (கடைசல் இயந்திரம்) 38 பல் சேஞ்ச் கியர் (மாற்றி மாற்றி மாட்டும் பற்சக்கரம்) உடைந்துவிட்டால் புதிதாகச் செய்துகொள்ளும் வழிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புழுவெட்டு வேண்டாம். ஹாப் பார்க்கப் புழுத்தண்டு (சுருள் மரை போட்ட தண்டு) மாதிரி இருக்கும், சரி, ஆனால் படிக்கிறவர் ஏதோ புழுச்சக்கரம் (அந்தத் தண்டோடு இணைந்து ஓடுவது) வெட்டுகிற வேலை என்றுதான் நினைப்பார். கருவி ஹாப் என்றே இருக்கட்டும், பட்டறையில் வேறு எதுவும் ஒட்டாது. பெயர் தேவைப்படுவது முறைக்கு: பல்லின் வளைவு கட்டரிலேயே இருக்கிறதா, ஓட்டத்தில் பிறக்கிறதா?

மில்லிங்கில் டிவைடிங் ஹெட் (சக்கரத்தைச் சம பங்குகளாகத் திருப்பித் தரும் கருவி) வைத்து, பல் பல்லாக வெட்டும்போது வளைவு கட்டரிலேயே இருக்கிறது. உங்கள் சக்கரத்துக்கு அது சுலபமான வேலை. 20 டி.பி. (பிட்ச் வட்ட விட்டத்தில் அங்குலத்துக்கு 20 பல் என்ற அளவு), 38 பல் என்றால் பிளாங்க் (பல் வெட்டாத வட்டு) விட்டம் சரியாக 2 அங்குலம், வெட்டு ஆழம் 0.108 அங்குலம். 40:1 ஹெட்டில் (கைப்பிடி 40 சுற்றினால் வட்டு ஒரு சுற்று) ஒரு பல்லுக்குக் கைப்பிடி ஒரு முழுச் சுற்று, அப்புறம் 19 துளை வட்டத்தில் ஒரு துளை. கட்டர் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும்: அழுத்தக் கோணம் (பல் பக்கத்தின் சாய்வு) 14½ டிகிரி என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் 20 டிகிரியைக் கொடுத்துவிடுவார்கள். மாடியூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு) 1.25 கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், 20 டி.பி. என்பது 1.27, பல்லுக்குப் பல் இடைவெளி 3.99 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 3.93 வந்து நிற்கும். 8 கட்டர் கொண்ட செட்டில் 3ஆம் எண் 35 முதல் 54 பல் வரைக்கும் பொது, அதன் வடிவம் 35 பல்லுக்குத்தான் துல்லியம். 38இல் வரும் சிறு பிசகு சேஞ்ச் கியரில் ஒன்றும் செய்யாது.

ஹாப்பில் அந்த வளைவையே காண முடியாது, அதன் பல் நேர்பக்கம் கொண்டது. ஒரே மரை உள்ள ஹாப் ஒரு சுற்றுச் சுற்றினால் பிளாங்க் ஒரு பல் நகரும், இரண்டும் சேர்ந்து உருளும்போதுதான் இன்வொல்யூட் என்னும் அந்த வளைவு உண்டாகிறது. அதனால்தான் ஒரே ஹாப் 20 பல்லுக்கும் ஆகும், 75க்கும் ஆகும். 1897இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபவுட்டர் காப்புரிமை எடுத்த இயந்திரத்தின் பலமே இதுதான். ஆனால் ஒற்றைச் சக்கரத்துக்காக 20 டி.பி. ஹாப்பைத் தேடி அலைவது வீண், பக்கத்துப் பட்டறையில் இருந்தால் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் டிவைடிங் ஹெட்டே போதும்.

> அச்சுவெட்டு, உருள்வெட்டு என்று ஜோடியாக வைக்கலாமே.

உருள்வெட்டு எனக்குச் சம்மதம். அச்சுவெட்டில்தான் சிக்கல், சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது 'அச்சு' என்றால் அது சுழலும் அச்சுதான். உருவெட்டு என்று வைக்கலாம் என்றால், மெஷின் ஓடுகிற சத்தத்தில் அதுவும் உருள்வெட்டும் ஒரே மாதிரிக் கேட்கும். நான் சொல்வது படிவெட்டு: கட்டரின் வடிவத்தை அப்படியே படியெடுக்கிற வெட்டு. படிக்கட்டு மாதிரி வெட்டுவது என்று யாராவது கிளம்புவார்கள், கிளம்பட்டும், பக்கத்தில் படம் இருந்தால் தீர்ந்தது. 'உருட்டுவெட்டு' மட்டும் வேண்டாம். மரை உருட்டுவது வேறு வேலை, அதில் வெட்டே கிடையாது, தவிர இணையத்தில் உருட்டு என்றால் இப்போது என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

வார்ப்பைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய சக்கரத்தையே மாதிரியாக வைத்து வார்த்தால் இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், விட்டத்தில் அரை மி.மீ. போய்விடும்.

ஒயர்கட்டைச் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் உலோகத்தை அரித்து வெட்டும் முறை) சேர்க்கலாம், பல், நடுத்துளை, சாவிக்காடி (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் பள்ளம்) மூன்றும் ஒரே பிடிப்பில் வந்துவிடும். வரைபடத்தை மட்டும் தேய்ந்த பல்லை ஸ்கேன் செய்து எடுக்காமல் கணக்குப் போட்டு வரையச் சொல்லுங்கள். இது படிவெட்டும் இல்லை, உருள்வெட்டும் இல்லை. 'பொறியரிப்பு' என்று எழுத ஆசைதான், பொறி என்றால் இயந்திரமா தீப்பொறியா என்று அடுத்த சண்டை வரும், அதைத் தனித் தலைப்பில் வைத்துக்கொள்வோம்.