பில்லருக்கு நடுவே உள்ள சுவரில் எக்ஸ் மாதிரி வெடிப்பு: பூசினால் போதுமா?

மண்டலே வாசி:
எங்களுடையது மூன்று மாடி கான்கிரீட் கட்டடம். 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் விழாமல் நின்றது. ஆனால் கீழ்த்தளத்தில் பில்லருக்கும் பில்லருக்கும் நடுவே இருக்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவரில் மூலைக்கு மூலை வெடிப்பு, ஓர் இடத்தில் சுண்டுவிரல் நுழைகிறது. மேலே பீமுக்கும் சுவருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. கொத்தனார், இது பாரம் தாங்குற சுவர் இல்லையே, அடைத்துப் பூசினால் போதும் என்கிறார். அம்மா அந்தச் சுவரோரம்தான் படுக்கிறார்.

பகோ கொத்தனார்:
தம்பி, முதலில் அம்மா கட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். மேலே பிடிப்பு விட்ட சுவர் அடுத்த ஆட்டத்தில் அப்படியே மொத்தமாகச் சாயும். எங்கள் ஊர் ஷ்வேமாடோ பகோடாவை 1930 மே மாதம் சாய்த்ததும், இந்த நிலநடுக்கத்தைக் கொண்டுவந்த அதே சகாயிங் நிலப்பிளவுதான், அதனால் இங்கே யாரும் வெடிப்பை லேசாக எடுப்பதில்லை.

பாரம் தாங்காது என்பது மாடி எடைக்குச் சரி. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது சுவர் முட்டுக்கட்டை மாதிரி மூலைக்கு மூலை தள்ளலை வாங்குகிறது. இந்தப் பக்கம் ஆடினால் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஆடினால் மறு கோடு, அதுதான் எக்ஸ்.

பூச்சை இரண்டு பக்கமும் முழுக்கக் கொத்தி எடுங்கள். நொறுங்கிய கல்லை மாற்றி, இரு பக்கமும் கம்பிவலை வைத்து, சுவரைத் துளைத்து இரண்டு வலைகளையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை பூசி, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் பாருங்கள். வெயிலில் சும்மா விட்டால் அத்தனையும் வீண்.

யாங்கோன் இன்ஜினியர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அதற்கு முன் பில்லரைப் பாருங்கள். அடியிலும் உச்சியிலும் இரண்டடிக்குப் பூச்சை எடுத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் மட்டம் வரை மட்டும் சுவர் முட்டி நிற்கும் பில்லரை முக்கியமாகப் பாருங்கள், வளைய இடமில்லாமல் சுவருக்கு மேலே உள்ள அந்தக் குட்டை நீளம்தான் முதலில் உடையும். மேல் இடைவெளியை அடைப்பதா விடுவதா என்பதையும் பில்லரைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். எதுவானாலும், சுவர் சாயாமல் இருக்க இரு பக்கமும் எல் வடிவ இரும்பைப் பீமோடு சேர்த்து அடிக்க வேண்டும்.

மண்டலே வாசி:
கட்டிலை மாற்றிவிட்டேன். ஜன்னலோரப் பில்லரில் பூச்சை எடுத்ததும் சாய்வாக ஒரு வெடிப்பு, உள்ளே கம்பி தெரிகிறது.

யாங்கோன் இன்ஜினியர்:
அப்படியென்றால் சுவரைத் தொடாதீர்கள், கொத்தனாரையும் நிறுத்துங்கள். கீழ்த்தளத்தில் யாரும் தூங்க வேண்டாம், மேல்மாடியிலிருந்தும் இறங்கி வெளியே வந்துவிடுங்கள். அந்தப் பில்லர் தாங்கும் பீமுக்கு முட்டுக் கொடுப்பது முதல் வேலை, அதையும் ஓர் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.