'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

நான் சந்தித்தது, வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படித்தபோது. கோச்சிங் சென்டரில் ஒரு கட்டு அட்டை கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். 'பி' வரிசையில் அந்த அட்டை வந்தது. திருப்பினேன். 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

என் சாதிச் சான்றிதழில் ஆதி திராவிடர் என்றிருக்கும். என் தாத்தாவை ஊரில் கூப்பிட்ட பெயர்தான் அந்த அட்டையில் ஆங்கில எழுத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதைச் சத்தமாக நாலு தடவை சொல்லி மனப்பாடம் செய்தான். அவனுக்கு எதுவும் தெரியாது, அவன்மேல் தப்பில்லை. நான் அந்த அட்டையைக் கட்டின் அடியில் செருகிவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்தேன். வேர் நம் பறைதான். பறையர் என்ற பெயர் போர்த்துக்கீசியர் வழியாகப் போய் 1613-லேயே ஆங்கில அச்சில் ஏறியிருக்கிறது. அப்போது அது தென்னிந்தியாவில் ஒரு சாதியின் பெயர், அவ்வளவுதான். 1791-ல் பெர்னார்தின் தெ சான்-பியேர் பிரெஞ்சில் எழுதிய ஒரு கதை அதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் ஒருவருக்கு, குடிசையில் வாழும் ஒரு பறையரிடம் அது கிடைப்பதுதான் கதை. 1819 வாக்கில் யாரை ஒதுக்கினாலும் சொல்லலாம் என்று பொதுச்சொல்லாகிவிட்டது. பிறகு நாடுகளுக்கும் வந்தது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கியபோது அதை 'பரையா ஸ்டேட்' என்றார்கள். மனிதரை நிறம் பார்த்து ஒதுக்கிய அரசைத் திட்டுவதற்கு, பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்களின் பெயரா? இது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே ஆங்கிலத்தில் பாஸ்டன் நகரின் பழைய பெரிய குடும்பங்களை 'பிராமின்' என்பார்கள். அது மரியாதைச் சொல்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய நாளில், புதின் உலக அரங்கில் ஒரு பரையா ஆகிவிடுவார் என்று பைடன் பேசினார். மறுநாள் ஆபீஸில் சாப்பிடும்போது எல்லார் வாயிலும் அந்தச் சொல். நான் முதல்முறையாக, "அது என் தாத்தாவின் சாதிப் பெயர்" என்றேன். எதிரே இருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். "மன்னிக்கணும், எனக்குத் தெரியாது. உங்கள் மொழியில் அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார்.

"மேளம்" என்றேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கிள்ளான்வாசி:
வணக்கம் அண்ணா. மலேசியாவில் இது மலாய் மொழியிலும் 'பாரியா' என்று வசையாக வழங்குகிறது. திட்டுகிறவர் நீங்கள் என்ன சாதி என்று கேட்கமாட்டார், இந்தியர் என்றால் போதும். 2011-ல் ஐந்தாம் படிவத்துக்கு, அதாவது இங்கே இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டுக்கு, 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலைப் பாடமாக வைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களை அந்தச் சொல்லால் குறிக்கும் பகுதி அதில் இருந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த ஆண்டு முடிவில் எடுத்துவிட்டார்கள்.

என் தங்கை அப்போது ஐந்தாம் படிவம். அழுதுகொண்டு வந்தாள். அப்பா கோபத்தில், "நாம அந்த ஆளுங்க இல்லன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வா" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்படிச் சொன்னா, அந்த ஆளுங்களை மட்டும் திட்டலாம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றுவரை எனக்கும் அப்படித் தோன்றியதில்லை. போராட்டத்திலும் அப்பா சொன்னதைத்தான் நிறையப் பேர் சொன்னார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

தெருநாய்த்தோழி:
எங்கள் தெரு நாய்க்குத் தடுப்பூசி போடப் போனபோது, அட்டையில் இனம் என்ற இடத்தில் 'இந்தியன் பரையா' என்று எழுதிக் கொடுத்தார்கள். கள்ளப்பருந்துக்கும் பழைய ஆங்கிலப் பறவை நூல்களில் இதே அடைமொழிதான். மனிதரை ஒதுக்கிய சொல் நாய்க்கும் பருந்துக்கும் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் இப்போது எல்லா அட்டையிலும் 'இண்டி' என்றே எழுதச் சொல்கிறோம்.

அடிக்குச்சி:
நான் பறை வாசிப்பவன். அண்ணன் "மேளம்" என்று சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. புறநானூற்றில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு தவிர வேறு குடியே இல்லை என்று பாடுகிறார். ஆண்டாள் திருமாலிடம் கேட்பதும் பறைதான். மலையாளத்தில் 'பறயுக' என்றால் சொல்லுவது. ஆங்கில அகராதி எடுத்துக்கொண்ட பொருள், நமக்குப் பிறர் செய்ததை மட்டும்தான் காட்டுகிறது.

பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோர்களே வேறு வேறு வழியில் போயிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜா அந்தப் பெயருக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்று கேட்டு, 1922-ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றது. யார் செய்தது சரி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமே தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்தியதை எதிர்த்து, பறையைக் கீழே வைத்தவர் என் பெரியப்பா. அதற்காக அடியும் வாங்கினார். முப்பது வருடமாகத் தொடவில்லை. நான் கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போனது தெரிந்து ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. போன பொங்கலுக்கு ஊரில் வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"தோல் இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் காய்ச்சு" என்றார்.