சனத்தின்ர பக்க மொனிற்றரில ஒண்டும் வருகுதில்லை – பரந்தன் சந்தி அயல் குழு

விடிய 8:06 – கடை அண்ணை
எல்லாருக்கும் வணக்கம். கொமினிக்கேசன் கொம்பியூற்றரில மூண்டு மொனிற்றர். அதில சனத்தின்ர பக்கம் திரும்பியிருக்கிறது இண்டைக்கு விடியத்தொடக்கம் கறுப்பு. "நோ சிக்னல்" எண்டு கொஞ்சநேரம் காட்டிப்போட்டு அணைஞ்சிடுது. மற்ற ரெண்டும் ஒரு குறையுமில்லை. ஆருக்கும் தெரியுமே?

8:07 – மாமி
தம்பி, பேரப்பிள்ளையின்ர முதலாம் ஆண்டு அனுமதிப் படிவம் எடுத்துத் தரலாமே இண்டைக்கு?

8:08 – கடை அண்ணை
பிறின்ரர் வேலை செய்யுது மாமி. பாப்பம்.

8:11 – பெரியப்பா
கேபிள்தான் போயிருக்கும். விஜிஏ கேபிள்ல ஊசி வளைஞ்சால் இப்பிடித்தான். புதுசு வாங்கிப் போடு.

8:15 – மாங்குளம் தம்பி
காசைச் செலவழிக்க முதல் எப்பன் பொறுங்கோ அண்ணை. பெரியப்பா, ஊசி வளைஞ்சால் கூடுதலா நிறம்தான் குழம்பும். சிவப்புக்கு ஒரு ஊசி, பச்சைக்கு ஒண்டு, நீலத்துக்கு ஒண்டு. எது போச்சோ அந்த நிறம் இல்லாமப் போகும். முழுக்கக் கறுப்பெண்டால் முதல்ல வேற இடம் பாக்கவேணும்.
அண்ணை, புறொசசர் என்ன, படம் தாற கிராபிக்ஸ் காட் என்ன, எந்த மொனிற்றர் எதில சொருகியிருக்கு? பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

8:19 – கடை அண்ணை
📷 படம்
ஐ3 10100. ஏசஸ் எச்410 மதர்போட். காட் ஜிடி 1030, அதில எச்டிஎம்ஐ ஒண்டு, டிவிஐ ஒண்டு. என்ர ரெண்டு மொனிற்றரும் அதில. சனத்தின்ர மொனிற்றர் மேல மதர்போட்டில இருக்கிற நீல விஜிஏயில.

8:23 – மாங்குளம் தம்பி
விளங்குது. ஜிடி 1030 ரெண்டு மொனிற்றருக்கு மேல தூக்காது. மூண்டாவதை மேல குடுத்தது சரி. ஆனா அந்த நீல விஜிஏக்குப் படம் காட்டில இருந்து வாறேல்லை. புறொசசருக்குள்ள இன்ரெல் யூஎச்டி 630 எண்டு ஒரு கிராபிக்ஸ் இருக்கு, அதுதான் மேல இருக்கிற போர்ட்டுகளுக்கு. கீழ உள்ளது காட்டுக்கு. ரெண்டும் ரெண்டு தனி ஆக்கள்.
ஸ்ரார்ட் பட்டனில வலது கிளிக் செய்து, டிவைஸ் மனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடப்டர்ஸ் எண்டதை விரிச்சுப் பாருங்கோ. எத்தினை பேர் கிடக்கு?

8:26 – கடை அண்ணை
ஒண்டுதான். என்விடியா ஜிபோர்ஸ் ஜிடி 1030.

8:28 – மாங்குளம் தம்பி
அப்ப கேபிளைத் தொடாதேங்கோ. கேபிளோ மொனிற்றரோ போயிருந்தால் இன்ரெல்லின்ர பேர் அங்க இருக்கும், படம் மட்டும்தான் வராது. இன்ரெல் பேருக்குப் பதிலா "மைக்ரோசொவ்ற் பேசிக் டிஸ்பிளே அடப்டர்" எண்டு இருந்தால் டிறைவர் பிரச்சினை. பேரே இல்லையெண்டால் பயோஸ் (மதர்போட்டின்ர அடிப்படைச் செற்றிங்) அதைப் பூட்டி வைச்சிருக்கு. காட் ஒண்டு சொருகினால் கன மதர்போட் "ஓட்டோ" நிலையில உள் கிராபிக்ஸை நிப்பாட்டிப்போடும்.

8:31 – ஐசிரி ரீச்சர்
நேற்று வேலை செய்ததெண்டால் ஆரோ அதைத் திறந்துதான் வைச்சிருக்கினம். பயோஸ் தன்ரபாட்டில மாறாது. அண்ணை, விடிய போடேக்க கறுப்புத் திரையில ஏதும் எழுத்து வந்ததே? இப்ப கீழ் மூலையில என்ன திகதி நிக்குது?

8:33 – கடை அண்ணை
எஃப்1 அமத்தச் சொல்லி வந்தது ரீச்சர். அமத்திப்போட்டு எஃப்10 குடுத்தன், போட்டுது.
திகதி… 2020 ஜனவரி 1! நான் கவனிக்கவேயில்லை. விடியத்தொடக்கம் ஒரு இணையத்தளமும் திறக்குதில்லை, "பாதுகாப்பில்லை" எண்டு வருகுது. இணைப்புத்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சன்.

8:36 – ஐசிரி ரீச்சர்
அதுதான் விசயம். கரண்ட் இல்லாத நேரம் திகதியையும் பயோஸ் செற்றிங்கையும் காக்கிற, மதர்போட்டில இருக்கிற காசு மாதிரிப் பற்றரி செத்துப்போச்சு. இணையத்தளங்களின்ர சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் ஒரு முடிவுத் திகதியும் இருக்கு. 2020 எண்டு சொல்லுற கொம்பியூற்றருக்கு இண்டைய சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை, அதால நம்புதில்லை.
எஃப்1, எஃப்10 குடுக்கேக்க பயோஸ் தொழிற்சாலைச் செற்றிங்குக்குப் போய் அப்பிடியே சேமிச்சிட்டுது. உள் கிராபிக்ஸ் திரும்ப "ஓட்டோ".
இரவில சுவர்ச் சுவிச்சை நிப்பாட்டுறனீங்களோ?

8:37 – கடை அண்ணை
ஓம், மின்னல் காலமெல்லே.

8:39 – ஐசிரி ரீச்சர்
நிப்பாட்டுறது நல்லது, தொடர்ந்து அப்பிடியே செய்யுங்கோ. சுவிச் போட்டபடி கிடந்தால் பவர் சப்ளையின்ர 5 வோல்ற் ஸ்ராண்ட்பை அந்தத் திகதியையும் செற்றிங்கையும் தாங்கிக்கொண்டிருக்கும், பற்றரி செத்ததே வெளியில தெரியாது. நிப்பாட்டின நேரத்தில பற்றரி மட்டும்தான் காவல்.

8:44 – மாங்குளம் தம்பி
ரீச்சர் சொன்னது சரி. முதல் பற்றரி, பிறகு பயோஸ். மாறிச் செய்தால் நாளைக்கு விடிய இதே கறுப்புத்தான்.
பற்றரி நம்பர் சிஆர் 2032, 3 வோல்ற். மல்ரிமீற்றர் இருந்தால் பழசை அளந்து பாருங்கோ. புதுசு 3க்கு மேல காட்டும், 2.7க்குக் கீழ எண்டால் எறியுங்கோ.

8:46 – பெரியப்பா
என்னட்டைக் கார் றிமோட்டுக்கு வாங்கின 2025 ஒண்டு கிடக்கு. அளவு ஒண்டுதானே?

8:48 – மாங்குளம் தம்பி
வட்டம் ஒண்டுதான் பெரியப்பா, 20 மில்லிமீற்றர். வோல்ற்றும் ஒண்டுதான். தடிப்பு வேற: 2032 எண்டால் 3.2 மில்லிமீற்றர், 2025 எண்டால் 2.5. கடைசி ரெண்டு இலக்கமும் தடிப்புத்தான். மெல்லிசைப் போட்டால் கிளிப்புக்குள்ள ஆடும், ஒருநாள் பிடிக்கும் ஒருநாள் விடும். வேண்டாம்.

8:55 – மாங்குளம் தம்பி
அண்ணை, மாத்திற விதம். ஷட்டவுண் செய்து, சுவர்ச் சுவிச்சை நிப்பாட்டி, வயரைக் கழட்டுங்கோ. மொனிற்றர் வயருகளையும்தான். பிறகு கேசின்ர பவர் பட்டனை ஒரு 10 செக்கன் அமத்திப் பிடியுங்கோ, மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கும். கேசின்ர இரும்பை ஒருக்காத் தொட்டுப்போட்டு உள்ள கை வையுங்கோ.
பற்றரி காட்டுக்குக் கீழ மறைஞ்சு கிடந்தால் இழுக்காதேங்கோ. காட்டின்ர திருகாணியைக் கழட்டி, ஸ்லொட்டின்ர வால்பக்கத்தில இருக்கிற சின்ன பிளாஸ்ரிக் பூட்டை அமத்தினால் காட் தானா மேல வரும். பூட்டை அமத்தாமல் தூக்கினால் ஸ்லொட் உடையும்.
பற்றரிக் கூட்டின்ர ஓரத்தில ஒரு இரும்புப் பல் இருக்கு. அதை நகத்தால வெளிப்பக்கம் தள்ளினால் பற்றரி துள்ளி எழும்பும். புதுசின்ர எழுத்தும் கூட்டல் அடையாளமும் மேல பாக்கவேணும்.

9:02 – மாமி
நாளைக்கு 8 மணி தொடக்கம் 5 மணி மட்டும் கரண்ட் இல்லையாம். தண்ணி நிரப்பி வையுங்கோ பிள்ளையள்.

9:41 – கடை அண்ணை
பற்றரி போட்டாச்சு. இப்ப?

9:45 – மாங்குளம் தம்பி
போட்டவுடன டிலீற் இல்லாட்டி எஃப்2வை விடாமல் தட்டுங்கோ. பயோஸ் படம் காட்டில இருக்கிற மொனிற்றரிலதான் வரும், மற்றதைப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.
முதல்ல திகதியையும் நேரத்தையும் திருத்துங்கோ. எஃப்7 அமத்தினால் அட்வான்ஸ்ட் மோட். அதில அட்வான்ஸ்ட் பக்கம், சிஸ்டம் ஏஜென்ற் கொன்பிகரேஷன், அதுக்குள்ள கிராபிக்ஸ் கொன்பிகரேஷன். அங்க "ஐஜிபியூ மல்ரி மொனிற்றர்" எண்டதை எனேபிள்ட் ஆக்குங்கோ. பிறைமறி டிஸ்பிளே ஓட்டோவில நிக்கட்டும். டிவிஎம்ரி எண்ட நினைவக அளவையும் தொடவேண்டாம். எஃப்10.
வேற மதர்போட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு: எம்எஸ்ஐயில "ஐஜிடி மல்ரி மொனிற்றர்", ஜிகாபைற்றில "இன்ரேர்னல் கிராபிக்ஸ்". பேர்தான் வேற, வேலை ஒண்டு.

9:58 – கடை அண்ணை
வந்திட்டுது! ஆனா எழுத்தெல்லாம் மங்கல், ஊதிப்போய்க் கிடக்கு. மவுஸ் வலப்பக்கம் போகவேண்டியது இடப்பக்கத்தால போகுது.

10:03 – ஐசிரி ரீச்சர்
ரெண்டும் சின்ன விசயம். டெஸ்க்ரொப்பில வலது கிளிக், டிஸ்பிளே செற்றிங்ஸ். "ஐடென்ரிபை" அமத்தினால் ஒவ்வொரு மொனிற்றரிலும் ஒரு இலக்கம் வரும். மேசையில இருக்கிற மாதிரியே பெட்டிகளை இழுத்து வைச்சு அப்ளை குடுங்கோ. பயோஸில மாத்தினபடியால் விண்டோஸ் புது வரிசை போட்டிருக்கு.
மங்கலுக்கு, அந்த மொனிற்றர் எத்தினை அங்குலம்?

10:04 – கடை அண்ணை
19, அகலமானது.

10:07 – ஐசிரி ரீச்சர்
கூடுதலா 1440 க்கு 900 ஆயிருக்கும், பின்பக்க ஸ்ரிக்கரைப் பாத்து உறுதி செய்யுங்கோ. ரெசொலூஷனில அதையே தெரியுங்கோ. 1366 க்கு 768 குடுத்தால் மொனிற்றர் புள்ளிகளை இழுத்து நிரப்பும், எழுத்து ஊதும். பிறகு மொனிற்றரிலயே ஓட்டோ பட்டனை ஒருக்கா அமத்துங்கோ. விஜிஏக்கு மட்டும்தான் அது தேவை.

10:11 – மாங்குளம் தம்பி
அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயில அந்த மொனிற்றரைத் தெரிஞ்சு பாருங்கோ. கீழ "இன்ரெல் யூஎச்டி கிராபிக்ஸ் 630" எண்டு வருகுதோ? மற்ற ரெண்டுக்கும் என்விடியா எண்டு வரவேணும்.

10:13 – கடை அண்ணை
அப்பிடியே வருகுது. ஆனா குறோமில வீடியோவை அந்தப் பக்கம் இழுத்தால் தட்டித் தட்டி ஓடுது.

10:18 – மாங்குளம் தம்பி
குறோம் காட்டில படத்தைக் கீறுது, மொனிற்றர் இன்ரெல்லில கிடக்கு. ஒவ்வொரு படத்தையும் காட்டில இருந்து றாமுக்குக் கொண்டுவந்து இன்ரெல்லிட்டைக் குடுக்கவேணும், அதுதான் தட்டுது. டிஸ்பிளே செற்றிங்ஸின்ர அடியில "கிராபிக்ஸ்" எண்டு இருக்கு. அதில குறோமைச் சேர்த்து "பவர் சேவிங்" குடுங்கோ, அது இன்ரெல். போட்டோசொப்புக்கு "ஹை பெர்போமன்ஸ்", அது காட். ரெண்டையும் மூடித் திறந்தால்தான் பிடிக்கும்.
விளையாட்டு, வெட்டு ஒட்டு வேலையெல்லாம் காட்டில இருக்கிற மொனிற்றரில வையுங்கோ. விலைப்பட்டியல், படிவம் காட்டுறது மட்டும் சனத்தின்ர பக்கம்.

10:22 – ஐசிரி ரீச்சர்
இன்னொண்டு. ஜிடி 1030இல வீடியோ என்கோடர் (பதிவு செய்யேக்க வீடியோவைச் சுருக்கிற பகுதி) இல்லை. ஓபிஎஸ் எண்ட பதிவு மென்பொருளில வகுப்பு பதிவு செய்யிற ஆக்கள் இன்ரெல்லைத் திறந்து வைச்சிருந்தால் குயிக் சிங்க் எண்ட இன்ரெல்லின்ர என்கோடர் தெரிவு வரும், புறொசசருக்குப் பாரம் குறையும். மூண்டாவது மொனிற்றர் இல்லாட்டியும் அதுக்காகவே திறந்து வைக்கலாம்.

10:25 – பெரியப்பா
அந்த விஜிஏயை ஒரு அடப்டர் போட்டுக் காட்டின்ர டிவிஐக்கே குடுத்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லையே?

10:30 – மாங்குளம் தம்பி
காட்டுக்கு ரெண்டுதான் கணக்கு பெரியப்பா, அது நிரம்பிப் போச்சு. அதைவிட அந்த டிவிஐயை வடிவாப் பாருங்கோ. தட்டை வெட்டுக்கு மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டா நாலு ஓட்டை இருக்கவேணும். விஜிஏயின்ர மூண்டு நிறமும் அந்த நாலுக்குள்ளாலதான் வாறது. ஜிடி 1030இல இருக்கிறது டிவிஐ டி, அந்த ஓட்டைகளே இல்லை. சில ஆக்கள் அடப்டரின்ர நாலு ஊசியையும் குறட்டால முறிச்சுப்போட்டுச் சொருகுவினம். சொருகுப்படும், படம் வராது.
எச்டிஎம்ஐயில இருந்து விஜிஏக்கு எண்டால் உள்ள சிப் இருக்கிற மாத்தி வேணும். அதுவும் ஒருவழிப் பாதை. "விஜிஏயில இருந்து எச்டிஎம்ஐ" எண்டு விக்கிறது வேற சாமான், கடையில திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்குங்கோ. படம் விட்டு விட்டு வந்தால் பக்கத்தில யூஎஸ்பி கரண்ட் குடுக்கிற ஓட்டை உள்ளதை எடுங்கோ.

10:34 – கடை அண்ணை
மதர்போட்டில எச்டிஎம்ஐ ஒண்டும் சும்மா கிடக்கு. நாலாவது போடலாமே?

10:36 – மாங்குளம் தம்பி
தாராளமா. ஆனா சொருகேக்க மொனிற்றரும் கொம்பியூற்றரும் ரெண்டும் நிப்பாட்டி இருக்கவேணும். மூண்டு ஊசி பிளக்கை ரெண்டு ஊசி அடப்டரில குடுத்திருந்தால் எர்த் இல்லை. கேசைத் தொடச் சுள்ளெண்டும். அது பவர் சப்ளையின்ர பில்ரரால கசியிற கரண்ட். கேபிள் சொருகிற நேரம் அது போர்ட்டுக்குள்ளால பாஞ்சால் எச்டிஎம்ஐ சிப் போயிடும்.

10:41 – மல்லாவி
என்ர லப்ரொப்பிலயும் ரெண்டு கிராபிக்ஸ் இருக்கு. எச்டிஎம்ஐ எதின்ர எண்டு எப்பிடித் தெரியும்?

10:45 – ஐசிரி ரீச்சர்
மொனிற்றரைச் சொருகிப்போட்டு என்விடியா கொன்ரோல் பனலில பிஸிக்ஸ் (PhysX) பக்கத்தைத் திறவுங்கோ. எந்த மொனிற்றர் எந்தச் சிப்பில தொங்குது எண்டு படமாவே கீறிக் காட்டும். ரைப் சியில ரெண்டாவதைக் குடுக்கிறதெண்டால் எல்லா ரைப் சியும் படம் தராது, பக்கத்தில டிஸ்பிளேபோர்ட் அடையாளம் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லாட்டி டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள யூஎஸ்பி மாத்தி இருக்கு. அதுக்குத் தனி டிறைவர் போடவேணும், எழுத்து வேலைக்குக் காணும்.

10:48 – மல்லாவி
தம்பிக்கு ஒரு டெஸ்க்ரொப் எடுக்கவும் யோசிக்கிறன். இன்ரெல் ஐ5 12400எஃப் புறொசசர் மலிவா இருக்கு.

10:50 – மாங்குளம் தம்பி
அந்த எஃப் எண்டால் உள்ள கிராபிக்ஸ் இல்லை. மதர்போட்டில போர்ட் இருக்கும், ஒருநாளும் படம் வராது. காட் பழுதானால் பாக்க வழியே இல்லை. றைசன் 5 5600உம் அப்பிடித்தான், 5600ஜி எண்டால் இருக்கு. காசு வித்தியாசத்தைப் பாத்து முடிவெடுங்கோ.

11:12 – கடை அண்ணை
குறோம் இப்ப வழுவழுவெண்டு ஓடுது. ஒருக்கா சுவரில நிப்பாட்டிப்போட்டு 10 நிமிசம் கழிச்சுப் போட்டுப் பாத்தன். திகதி சரி, எஃப்1 கேக்கேல்லை, மூண்டிலயும் படம்.
மாமி, படிவம் பிறின்ற் எடுத்து வைச்சிருக்கிறன். வாங்கோ, நிரப்பேக்க அந்த மொனிற்றரில பாத்துப் பிழை திருத்தலாம்.

11:13 – மாமி
வாறன் தம்பி. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்.