லெவல் 100 வரை ஏற்றியவன் வீரனா?

கியூர்பிப் மழை: நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: “ஃபைனல் ஃபேண்டஸி எட்டில் லெவலை நூறுக்கு ஏற்றாதவன் சோம்பேறி.” படித்ததிலிருந்து தலை சூடாக இருக்கிறது. 1999-இல் வந்த அந்த வீடியோ விளையாட்டில் எதிரியின் லெவல் நம் குழுவின் சராசரியைப் பார்த்துத்தான் ஏறும். நீங்கள் ஏறினால் அதுவும் ஏறும். நிழலோடு பந்தயம் ஓடிவிட்டுப் பதக்கம் கேட்கிறார்.

ரோஸ்ஹில் ராஜா: அந்த ‘ஒருவர்’ நான்தான் தம்பி. இங்கே மொரீஷியஸில் டினா புயல் வீசிய 2002 ஜனவரியில் மின்சாரம் திரும்பிய அன்றே விளையாட்டில் வரும் பாலம்ப் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தேன். டிரெக்ஸார் என்ற டைனோசர் வரும், பனி மந்திரம் போடுவேன், விழும். மறுபடி வரும். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அந்த உழைப்பைக் கேலி செய்ய உமக்கு என்ன தகுதி?

கியூர்பிப் மழை: கொப்புளத்துக்கு மருந்து சொல்கிறேன் அண்ணா. கதாநாயகன் ஸ்குவால் லெவல் 7-இல் தொடங்குகிறான். லெவலுக்கு 1000 அனுபவப் புள்ளி. நூறைத் தொட 93,000 புள்ளி, அதுவும் ஒருவனுக்கு மட்டும். நான் எதிரியைக் கொல்வதே இல்லை. உயிரைக் குறைத்து, கார்டு கட்டளையால் சீட்டாக்கிவிடுவேன். அனுபவப் புள்ளி ஏறாது, நமக்குத் துணை வரும் காவல் தெய்வங்கள் திறன் கற்க வேண்டிய ஏபி புள்ளி மட்டும் வரும். சீட்டைப் பொருளாக்கி, பொருளை மந்திரமாக்கி, அதை நூறு நூறாக வலிமையில் ஜங்ஷன் செய்தால், அதாவது வலிமையோடு இணைத்தால், முதல் டிஸ்க்கிலேயே ஒரே அடி. எதிரியோ இன்னும் குழந்தை.

கடலோரம்: ‘வலிமை’ என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அடியின் அளவையா, உயிர்ப் புள்ளியையா?

ரோஸ்ஹில் ராஜா: குழந்தையை அடிப்பதில் என்ன வீரம்? ஒமேகா வெப்பனிடம் போய்ப் பாரும். அது எப்போதும் லெவல் 100. உம்மைப் பார்த்து ஒரு படிகூட இறங்கி வராது.

கியூர்பிப் மழை: கடைசிக் கோட்டையில் ஒளிந்திருக்கும், அடிக்காமலே விட்டுவிடக்கூடிய ஒரு பூதம். அதற்காக நான்கு டிஸ்க்கிலும் உள்ள ஒவ்வொரு பூச்சியையும் வளர்த்துவிடுவதா? பூனைக்குப் பயந்து வீட்டை எரிப்பது போல. மறுபடி சொல்கிறேன்: நீங்கள் ஏறினால் அதுவும் ஏறும்.

ரோஸ்ஹில் ராஜா: ஏறட்டும். லெவல் ஏறிய எதிரியிடம்தான் பெரிய மந்திரத்தை உறிஞ்ச முடியும்.

கியூர்பிப் மழை: அதைத்தான் சீட்டிலிருந்து எடுக்கிறேன் என்றேன். மேலே படியுங்கள். நீங்கள் ஏறினால் அதுவும் ஏறும்.

மோக்கா ஆசிரியை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘லெவல்’ என்று ஏன்? ‘நிலை’ என்ற அழகான சொல் இருக்கிறதே.

ரோஸ்ஹில் ராஜா: ‘ஸ்குவால் ஏழாம் நிலையில் நிற்கிறான்’ என்றால் எங்கள் பாட்டி எந்த வீட்டுக் கதவு என்று கேட்பார், டீச்சர்.

மோக்கா ஆசிரியை: பாட்டிக்கு விளங்கியிருக்கும். பேரனுக்குத்தான் தமிழ் விளங்கவில்லை.

கியூர்பிப் மழை: டீச்சர் பக்கம் நான். ஆனால் பேச்சை மாற்ற வேண்டாம். அண்ணா பதில் சொல்லாமல் நழுவுகிறார். அவருடைய பழைய வழக்கம் இது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் என் மெமரி கார்டை இரவல் வாங்கிய கதையை இங்கே சொல்லட்டுமா?

ரோஸ்ஹில் ராஜா: சொல்லும். எனக்கென்ன பயம்?

கியூர்பிப் மழை: பதினைந்து கட்டங்கள் உள்ள கார்டு. ஒன்றில் மூன்றாம் டிஸ்க் வரை நான் ஆடிய ஆட்டம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, பதினைந்திலும் கால்பந்து விளையாட்டு. முழுவதும் கால்பந்து! அந்த நாளில் தொடங்கியதுதான் குறைந்த லெவல் ஆட்டம். திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டியிருந்தது, புத்தியோடு ஆடுவோம் என்று முடிவு செய்தேன்.

ரோஸ்ஹில் ராஜா: அப்படியானால் உம்முடைய உத்தி நான் போட்ட பிச்சை. நன்றி சொல்லிவிட்டுப் போம். தவிர, கால்பந்து என் தம்பியுடையது.

கடலோரம்: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கியூர்பிப் மழை: தம்பி மேல் பழி போடுவது கார்டை அழித்ததைவிட மோசம். டிரெக்ஸார்கூட நேருக்கு நேர் வரும்.

ரோஸ்ஹில் ராஜா: வரும். வந்து என்னிடம் சாகும். உம்மிடம் சீட்டாகும். எது ஆண்மை?

மோக்கா ஆசிரியை: ‘எது வீரம்’ என்று எழுதுங்கள். நானும் இந்த விளையாட்டை முடித்திருக்கிறேன்.

கியூர்பிப் மழை: எந்த நிலையில் முடித்தீர்கள், டீச்சர்?

மோக்கா ஆசிரியை: நூறு.

ரோஸ்ஹில் ராஜா: கேட்டீரா!

கியூர்பிப் மழை: டீச்சர் ஏறியபோது அதுவும் ஏறியிருக்கும். அண்ணா, அந்தக் கார்டின் விலை இன்னும் பாக்கி.