டிசம்பர் லீவுக்கு நிஜ பூ, நிஜ இலை: எங்க குடும்ப குரூப்ல ஓடின பேச்சு

வெள்ளி, இரவு

நான்: எல்லாரும் 22ஆம் தேதி வந்துடுவீங்க இல்ல? இந்த வருஷம் ப்ளாஸ்டிக் தோரணம் எதுவும் வேண்டாம், நிஜ பூ நிஜ இலை வச்சே வீடு முழுக்க அலங்காரம் பண்ணணும்னு இருக்கேன். போன வருஷம் பண்ணினது 5 நாள்ல காஞ்சு கொட்டிடுச்சு, எனக்கு மனசே ஆறல, அதான் இப்பவே கேக்கறேன், யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்க

அம்மா: போன வருஷம் நீ 1ஆம் தேதியே கட்டி மாட்டிட்ட. வெட்டின கிளை அவ்வளவு நாள் எப்படிடி தாங்கும்

அக்கா: அதுவும் ஹீட்டருக்கு நேர் மேல. நான் வந்தப்ப சும்மா கை பட்டதுக்கே பொலபொலன்னு உதிர்ந்துச்சு

சித்தி: வீட்டுக்குள்ளன்னா வெட்டின கிளை ஒரு வாரம் பத்து நாள் நல்லா இருக்கும் கண்ணு. வெளிக்கதவுல குளிர்ச்சியா இருந்தா இன்னும் தாங்கும். 18, 19 தேதிக்கு மேல வாங்கு. வாங்கினதும் மாட்டிடாத, அடிய கொஞ்சம் வெட்டிட்டு ஒரு ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணில நிக்க வை, அப்புறம் தான் கட்டணும். பூக்கடையில இத்தனை வருஷம் வேலை பாத்ததுல சொல்றேன், அந்த ஒரு ராத்திரி தண்ணி தான் எல்லாமே

நான்: நான் அதை பண்ணவே இல்ல சித்தி, கொண்டு வந்த உடனே கம்பில கட்டிட்டேன்

அம்மா: காம்ப சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டி வச்சா தண்ணி நல்லா ஏறும், நாங்க அப்படி தான் பண்ணுவோம்

சித்தி: அக்கா அது அந்த காலத்துல எல்லாரும் சொன்னது தான், நானும் முதல்ல அப்படி தான் பண்ணேன். ஆனா நசுக்கினா தண்ணி ஏறுற குழாயும் சேந்து நசுங்கிடும், நசுங்கின நார்ல அழுக்கு சேந்து தண்ணியும் சீக்கிரம் நாறும். கூர்மையான கத்தரியால சாய்ச்சு வெட்டினா போதும்க்கா

அம்மா: சரி சரி, நீ சொன்னா கேட்டுக்கறேன்

தம்பி: அக்கா அந்த சிவப்பா பெரிய இலை மாதிரி பூ இருக்குமே தொட்டில, அது ரெண்டு வாங்கிட்டு வரவா? பாய்ன்செட்டியா

சித்தி: இலை மாதிரி இல்லப்பா, இலையே தான். சிவப்பா தெரியறது எல்லாம் நிறம் மாறின இலை, பூ எதுன்னா நடுவுல மிளகு சைஸ்ல மஞ்சளும் பச்சையுமா குட்டி குட்டியா இருக்கும் பாரு அதான். வாங்கும்போது அத மட்டும் கிட்ட போய் பாரு. அந்த மஞ்சள் மணி இறுக்கமா மூடி இருந்தா செடி புதுசு, லீவு முடிஞ்சும் நிக்கும். மகரந்தம் கொட்டி மணி உதிர்ந்து நடுவுல மொட்டையா இருந்தா எவ்வளவு சிவப்பா இருந்தாலும் எடுக்காத

தம்பி: அய்யோ நான் இத்தனை நாளா சிவப்ப பாத்து தான் வாங்கிட்டு இருந்தேன். அது மெக்சிகோ செடி, 1820கள்ல அங்க அமெரிக்க தூதரா இருந்த ஜோயல் பாய்ன்செட்ங்கறவர் தன் ஊருக்கு அனுப்பி வச்சாராம், அவர் பேரு தான் செடிக்கு

மாமா: அது சிவக்கறதுக்கு நீளமான ராத்திரி வேணும்டா. தினமும் 14 மணி நேரம் கும்மிருட்டு, அப்படி ரெண்டு மாசம் கிட்ட. ராத்திரில லைட் போட்டா சிவக்காம பச்சையாவே நின்னுடும். நான் ஒரு வருஷம் அலமாரில வச்சு எடுத்து வச்சு எடுத்து பண்ணி பாத்திருக்கேன், கடைசில 6 இலை சிவந்துச்சு, எனக்கு அவ்வளவு சந்தோஷம்

அம்மா: விஷம்னு சொல்வாங்களே, குழந்தைங்க வருதுங்க

சித்தி: சாகற அளவு விஷம்ங்கறது தப்புக்கா. உடைச்சா பால் வரும், அது தோல்ல பட்டா சிலருக்கு அரிக்கும், தின்னா வாந்தி வரலாம், அதனால கைக்கு எட்டாம மேல வச்சா போதும். தம்பி, தொட்டிய சுத்தி பளபளன்னு ஒரு பேப்பர் சுத்தி குடுப்பாங்க, வீட்டுக்கு வந்ததும் அத கழட்டிடு, இல்ல அடில ஓட்டையாவது போடு. தண்ணி அதுக்குள்ளயே தேங்கி வேர் அழுகி தான் முக்கால்வாசி செடி போகுது. வர்ற வழில குளிர் காத்து படாம மூடி கொண்டு வா, 10 டிகிரிக்கு கீழ போனா இலை கொட்டிடும்

அக்கா: நான் வரும்போது பூனையையும் தூக்கிட்டு தான் வரணும், பாத்துக்க ஆள் இல்ல

நான்: கூட்டிட்டு வாக்கா. வெள்ளை லில்லி பெரிய ஜாடில வைக்கலாம்னு இருந்தேன், பூனை அத தட்டி விட்டுடாதே?

சித்தி: லில்லி வேண்டவே வேண்டாம்!! பூனை இருக்கற வீட்டுல லில்லிய உள்ளயே விடக்கூடாது. இதழ் தின்னா மட்டும் இல்ல, மகரந்தம் முடில ஒட்டி நக்கினாலும், ஜாடி தண்ணிய குடிச்சாலும் கிட்னி போயிடும், ரெண்டு மூணு நாள்ல உயிருக்கே ஆபத்து. உயரத்துல வச்சுக்கலாம்னு எல்லாம் நினைக்காத

அக்கா: நல்லவேளை சொன்னீங்க சித்தி, எனக்கு இது தெரியவே தெரியாது

நான்: லில்லி கேன்சல். வெள்ளைக்கு ரோஜாவும் கார்னேஷனும் போட்டுக்கறேன்

சித்தி: ஹாலின்னு முள்ளு முள்ளா இலை, சிவப்பு பழம் இருக்குமே, அந்த கிளை வாங்கினாலும் பழம் பாத்து. குழந்தை வாய்ல போட்டா வயித்த கலக்கிடும், கீழ உதிர்ந்தத தினமும் பெருக்கு

சனி, காலை

மாமா: நவம்பர் முதல் வாரம் அமரில்லிஸ்னு பெரிய பூ விடற செடியோட கிழங்கு ஒண்ணு வச்சேனே, முக்கால் அடிக்கு தண்டு வந்துடுச்சு, ரெண்டு மொட்டு. போட்டோ போட்டிருக்கேன் பாருங்க

நான்: ஐயோ மாமா எவ்வளவு அழகு. இப்ப நான் வச்சா வருமா

மாமா: இப்ப வச்சா பிப்ரவரில தான்மா. 6 லேருந்து 8 வாரம் ஆகும். மொட்டு விட்டதா வாங்கிக்கோ. கிழங்க முழுசா புதைக்க கூடாது, மேல் பாகம் மண்ணுக்கு வெளிய தெரியணும். தினமும் தொட்டிய கொஞ்சம் திருப்பி வை, இல்லன்னா ஜன்னல் பக்கமே சாஞ்சு ஒரு நாள் பூ பாரத்துல தொட்டியோட விழுந்துடும். எனக்கு விழுந்திருக்கு

சித்தி: அண்ணா தண்டோட வெட்டி ஜாடில வைக்கறதா இருந்தா ஒரு விஷயம். அந்த தண்டு உள்ள குழாய் மாதிரி காலியா இருக்கும். தலகீழா பிடிச்சு உள்ள தண்ணி ஊத்தி பஞ்சால அடைச்சிட்டு வச்சா மடங்காது

மாமா: இது நல்லா இருக்கே, பண்ணி பாக்கறேன்

நான்: ஜாடில அடுக்க அந்த பச்சை ஸ்பாஞ்ச் கட்டி வாங்கணுமா சித்தி

சித்தி: வேண்டாம் கண்ணு, அது ப்ளாஸ்டிக் தான், பொடியா உதிரும், மக்கவே மக்காது. நீ ப்ளாஸ்டிக் வேண்டாம்னு தானே ஆரம்பிச்ச. ஜாடி வாய்ல செல்லோ டேப்ப குறுக்கும் நெடுக்குமா கட்டம் கட்டமா ஒட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு காம்பு சொருகு, நேரா நிக்கும். தண்ணிக்குள்ள ஒரு இலை கூட இருக்க கூடாது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி மாத்தி அடிய கொஞ்சம் வெட்டி விடு. பழக்கூடை பக்கத்துல வைக்காத, பழுக்கற பழத்துல இருந்து ஒரு வாயு வரும் அதுல கார்னேஷன் ரெண்டே நாள்ல சுருண்டுக்கும்

அம்மா: போன வருஷம் ஜாடிய பழக்கூடை பக்கத்துல தானே வச்சிருந்த

நான்: ஆமாம்மா. அது, ஹீட்டர், தண்ணில வைக்காதது, எல்லாம் சேந்து தான் அப்படி ஆயிருக்கு

ஞாயிறு, மாலை

நான்: கதவுக்கு மலர் வளையம் கட்ட உக்காந்திருக்கேன், வீட்டுல பழைய கம்பில பழகி பாக்கறேன், நடுவுல நடுவுல கம்பி தெரியுது சித்தி

அம்மா: மலர் வளையம்னு சொல்லாதடி, கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. பச்சை வளையம்னு சொல்லு

நான்: சரிம்மா பச்சை வளையம்

சித்தி: ஒவ்வொரு கிளையா கட்டறியா? அப்படி கட்டாத. மூணு நாலு குட்டி கிளைய சேத்து ஒரு சாண் நீளத்துக்கு கொத்தா பிடி, கம்பி வளையத்து மேல வச்சு மெல்லிய கம்பியால ரெண்டு சுத்து இறுக்கமா சுத்து, கம்பிய வெட்டாத, அப்படியே அடுத்த கொத்த எடுத்து முன்ன வச்ச கொத்தோட காம்பு மறையற மாதிரி வை, மறுபடி சுத்து. எல்லாம் ஒரே திசைல போகணும், ஒரு கொத்து லேசா உள் பக்கம், அடுத்தது வெளி பக்கம், அப்ப தான் கம்பி தெரியாம ரெண்டு பக்கமும் நிறையும். கடைசி கொத்தோட காம்ப முதல் கொத்துக்கு அடில தூக்கி சொருகு, ஆரம்பம் எது முடிவு எதுன்னே தெரியாது

அக்கா: பைன் மட்டும் போடாம ரோஸ்மேரியும் யூகலிப்டஸும் நடுவுல சொருகு, கதவ திறக்கும்போதெல்லாம் மணக்கும்

தம்பி: கிறிஸ்துமஸ் மரம் நான் வாங்கி கொண்டு வரேன், நிஜ மரம். தண்ணி எவ்வளவு ஊத்தணும்

சித்தி: மரத்துக்கு தான் நிறைய குடுக்கணும்பா. வெட்டி சில மணி நேரத்துலயே அடில பிசின் வழிஞ்சு வெட்டு வாய மூடிடும், அதுக்கப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் ஏறாது. அதனால ஸ்டாண்ட்ல நிறுத்தறதுக்கு முன்னாடி அடில ஒரு 2 சென்டிமீட்டர் வட்டமா அறுத்து விட சொல்லு, நேரா அறுக்கணும், மரத்துக்கு சாய்ச்சு அறுக்க கூடாது, நேரா நிக்காது. அடிமரம் 10 சென்டிமீட்டர் குறுக்களவுன்னா நாளைக்கு 4 லிட்டர் கிட்ட குடிக்கும். சக்கரை ஆஸ்பிரின் எல்லாம் போட வேண்டாம், வெறும் தண்ணி. வெட்டு வாய்க்கு கீழ தண்ணி இறங்கவே விடக்கூடாது

அம்மா: மெழுகுவர்த்தி பக்கத்துல கொண்டு போகாதீங்க

நான்: இல்லம்மா, சின்ன எல்இடி சரம் தான், அது சூடாகாது. தூங்க போகும்போது அதையும் அணைச்சிடுவேன்

23, காலை

நான்: போட்டோ போட்டிருக்கேன், வர முடியாதவங்க பாருங்க. கிளை எல்லாம் ரெண்டு ராத்திரி தண்ணில இருந்துச்சு, வளையம் இந்த தடவ ஹால்ல இல்ல, வெளிக்கதவுல. மாமாவோட அமரில்லிஸ் வழியிலயே ஒண்ணு விரிஞ்சு வந்துச்சு, பஞ்சு வச்சு அடைச்சு ஜாடில நிறுத்தியிருக்கேன், சித்தி சொன்ன மாதிரி நட்டு நிக்குது

மாமா: ரெண்டாவது மொட்டு 25க்கு கரெக்டா விரியும் பாரு

அக்கா: பூனை மரத்தடில போய் படுத்துக்கிச்சு, எழுந்திரிக்கவே மாட்டேங்குது

தம்பி: நேத்து ராத்திரி ஸ்டாண்ட் நிறைய ஊத்தினேன், காலைல பாத்தா பாதி இல்ல

சித்தி: குடிக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்பா. இப்பவே போய் ரொப்பு