ஜோடி நாலை ஃபோல்ட் செய்தது தப்பா?

செவ்வாய்ப்பேட்டை_பட்டன்:
நேற்று ராத்திரி ஆன்லைன் போக்கரில் ஆறு பேர் மேசை. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து ஆன்லைன் காசு ஆட்டத்தைத் தடை செய்ததிலிருந்து நான் இலவச சிப்ஸில்தான் ஆடுகிறேன், அதனால் அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவது, 50/100. நான் பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில். கையில் ஜோடி நாலு. முதல் ஆள் 400க்கு ஏற்றி ரெய்ஸ். அவரிடம் மொத்தமே 3,000தான். சீட்டை எறிந்து ஃபோல்ட் செய்தேன். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில், ராஜா, ஒன்பது, நாலு! அவர் ஏஸ்-ராஜாவை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் வேறொருவரிடம் கொட்டிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏற்காடு_மிளகு:
தப்பேதான் தம்பி. பட்டனில் உட்கார்ந்துகொண்டு ஜோடியை எறிவார்களா? எதிராளி என்ன செய்கிறார் என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துவிட்டுத்தானே நீங்கள் பேசப் போகிறீர்கள்!

அஸ்தம்பட்டி_கணக்கு:
அண்ணே, கணக்கைப் பாருங்க. கையில் இரண்டு போக மிச்சம் 50 சீட்டு, அதில் நாலு இரண்டுதான். ஃப்ளாப்பின் மூன்று சீட்டிலும் நாலு வராமல் போக வாய்ப்பு 88.2 சதவீதம். செட், அதாவது கையிலிருக்கும் ஜோடிக்கு மூன்றாவது நாலு, விழுவது 11.8. அதாவது ஏழரை முறை தவறினால் ஒரு முறை.

ஏழரை முறை 400ஐ விட்டால் 3,000 காலி. விழுகிற அந்த ஒரு முறை, அவர் கடைசி சிப்ஸ் வரை போட்டால்கூட பிளைண்டோடு சேர்த்து 3,150தான் வரும். எப்போதும் போடுவாரா? அவர் கையில் ஏஸ்-ராணி இருந்து ஃப்ளாப் தவறினால் அடுத்த பெட்டுக்கே எழுந்து போய்விடுவார். கால் செய்யும், அதாவது ரெய்ஸுக்கு ஈடாகப் போடும், தொகையைப் போல 15 மடங்காவது, முடிந்தால் 20 மடங்கு, எதிராளியிடம் இருக்க வேண்டும். இங்கே ஏழரை மடங்குதான். ஃபோல்ட் சரி.

தட்டுவடை_ரசிகன்:
இரண்டு பக்கமும் ஏழரை. இது ஆட்டமில்லை, சனி. தட்டுவடை செட் வேண்டுமென்றால் சாயங்காலம் கடைவீதிக்கு வாங்க, பீட்ரூட், கேரட், இரண்டு சட்னியோடு நிச்சயமாகக் கிடைக்கும்.

ஏற்காடு_மிளகு:
சிரித்தாச்சா? சரி. கணக்குத் தம்பி செட்டை மட்டும் எண்ணுகிறார். எங்கள் தோட்டத்தில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிவிடுவோம். மிளகு வந்தால் லாபம், ஆனால் தோட்டம் ஓடுவது காபியில். செட் என்பது அந்த மிளகு. எதிராளி ஃப்ளாப்பிலும் நாலாவது பொதுச் சீட்டான டர்னிலும் சிப்ஸ் போடாமல் செக் செய்தால் நான் பெட் போட்டு, நடுவில் சேர்ந்த பாட்டை எடுத்துவிடுவேன், நாலு வந்தாலும் வராவிட்டாலும். யாரும் ரெய்ஸ் செய்யாமல் என்னிடம் வந்தால் நானே முதலில் ரெய்ஸ் செய்வேன். பாதி நேரம் பிளைண்ட் அங்கேயே கைக்கு வந்துவிடும்.

அஸ்தம்பட்டி_கணக்கு:
நீங்களே முதலில் ரெய்ஸ் செய்வது வேறு விஷயம், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இலவச சிப்ஸ் மேசையில் பெட்டுக்குப் பயந்து ஜோடியை ஃபோல்ட் செய்தவரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? சிப்ஸ் தீர்ந்தால் நாளைக்கு இலவசமாக வரப்போகிறது! ஒன்பது ஜோடியோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வருவார்கள். உங்கள் காபி அங்கே விளையாது. மிளகுதான் விளையும், அதுவும் எதிராளியின் ஸ்டாக், அதாவது கையிருப்பு சிப்ஸ், ஆழமாக இருந்தால் மட்டும். அதே ஆளிடம் 10,000 இருந்திருந்தால் நானும் கால்தான்.

ஏற்காடு_மிளகு:
அந்த மேசை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் ஜோடி ஐந்தை வைத்து மூன்று முறை பெட் போட்டேன். கடைசிவரை வந்தவர் காட்டியது ஜோடி ஆறு. ஆனாலும் 3,000க்குப் பயந்து எறிவதை என் மனசு ஏற்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_பட்டன்:
அப்போ தூங்கலாமா?

அஸ்தம்பட்டி_கணக்கு:
தூங்குங்க. ஃப்ளாப்பில் நாலு வந்ததை மறந்துவிடுங்க, ஃபோல்ட் செய்தபோது அது உங்களுக்குத் தெரியாது. இன்னொரு விஷயம்: ஜோடி இரண்டு, ஜோடி மூன்று போன்ற சின்ன ஜோடியில் செட் விழுந்தாலும் அமைதி வேண்டும். அதே ஃப்ளாப்பில் எதிராளியிடம் பெரிய செட் இருந்து, ஒரே கையில் நான் 10,000 இழந்திருக்கிறேன்.

ஏற்காடு_மிளகு:
நான் இன்றைக்குச் சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜோடி நாலு வந்தது. அவரிடம் 12,000, கால் 300. கணக்குத் தம்பி கேட்டது இருபது மடங்கு, இது நாற்பது மடங்கு. கால் அழுத்தப் போனேன், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் டவர் போய்விட்டது. திரும்ப வந்தபோது தானாக ஃபோல்ட் ஆகியிருந்தது. ஃப்ளாப்பில் என்ன வந்தது என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.