திஸ் ஹீட் முதல் ஆல்பம்: 1979ல வெறும் டேப்ப வெச்சு இத எப்படிப் பண்ணாங்க?

மொட்டமாடி_செட்:

வணக்கம் மக்களே. திஸ் ஹீட்னு லண்டன் பேண்ட் ஒன்னு, மூணே பேரு, 1979ல வந்த முதல் ஆல்பம், பேண்ட் பேரேதான் ஆல்பம் பேரும், நீலமும் மஞ்சளுமா ஒரு அட்டை. கொஞ்ச நாளா நான் வேற எதையும் கேக்கல. இதுல '24 டிராக் லூப்'னு ஒன்னு இருக்கு, வருஷம் சொல்லாம யாருக்காவது போட்டுக் காட்டினா தொண்ணூறுகள்ல வந்த ஜங்கிள்ங்கிற வேகமான எலக்ட்ரானிக் டிரம்ஸ் பாட்டுன்னுதான் சொல்லுவாங்க, அந்த டிரம்ஸ் அப்படி மேல ஏறி கீழ விழுந்து நொறுங்குது. சத்தத்த எடுத்து வெச்சு திரும்ப வாசிக்கிற சாம்ப்ளர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, எப்படி?

இன்னொன்னு, முதல் டிராக் 'டெஸ்ட்கார்ட்'ல கிட்டத்தட்ட ஒன்னுமே கேக்காது, சவுண்ட ஏத்தி வெச்சா அடுத்து 'ஹாரிசான்டல் ஹோல்ட்' வந்து காதுல அறையுது. அந்தப் பாட்டுக்குள்ளயே திடீர்னு சவுண்ட் மெலிஞ்சு பக்கத்து ரூம்ல வாசிக்கிற மாதிரி ஆயிடும், திரும்ப குப்புனு முன்னாடி வரும். இது வேணும்னே பண்ணதா, இல்ல காசில்லாம அப்படி ஆயிடுச்சா?

ஏன் கேக்குறேன்னா நாங்களும் மூணு பேரு, முதல் ஆல்பம் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டிருக்கோம், டைமிங் சரியா இருக்கு, சவுண்ட் சுத்தமா இருக்கு, எல்லாம் இருந்தும் உசுரு மட்டும் இல்ல. இவங்க ஆல்பம் உருவான கத தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க ப்ளீஸ்.

---

நாலாம்தெரு_ரெக்கார்ட்ஸ்:

தம்பி இந்த ஆல்பத்தப் பத்தி ஒருத்தர் கேக்குறாரேன்னு சந்தோஷமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒன்னு மனசுல வெச்சுக்கங்க, இது ஸ்டுடியோவுக்குள்ள போய் ஒரு மாசத்துல முடிச்சுட்டு வந்த ஆல்பம் இல்ல. 1976 பிப்ரவரியில இருந்து 1978 செப்டம்பர் வரைக்கும் எடுத்த ரெக்கார்டிங்கில இருந்து பொறுக்கி எடுத்தது, ரெண்டரை வருஷம். அதுக்கப்புறமும் கையில கெடந்து 1979லதான் பியானோங்கிற சின்ன லேபிள்ல வந்துச்சு. அந்த லேபிள் டேவிட் கன்னிங்ஹாமோடது, அதே 1979ல ஃப்ளையிங் லிசர்ட்ஸ்ங்கிற பேர்ல 'மணி' பாட்ட ஹிட் ஆக்கினாரே அவர்தான். ப்ரொடக்ஷன்ல அவரும் ஆந்தனி மூரும் கூட இருந்தாங்க.

ஆளுங்க யாருன்னா சார்லஸ் ஹேவர்ட் டிரம்ஸ், சார்லஸ் புல்லன் கிடார், கிளாரினெட், வயோலா, மூணாவது கரெத் வில்லியம்ஸ். வில்லியம்ஸ் ரெக்கார்ட் கடையில வேல பாத்தவர், எதையும் முறையா வாசிக்கத் தெரியாது, ஆனா உலகத்துல உள்ள ரெக்கார்ட் எல்லாம் கேட்டவர். அவரு கையில கீபோர்டு, பேஸ், டேப். வாசிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரு நடுவுல கேக்கத் தெரிஞ்ச ஒருத்தர், இதுதான் அந்த பேண்டோட சூட்சுமம்னு நான் நெனக்கிறேன்.

ஆனா உண்மையான திருப்பம் எதுன்னா இடம் கெடச்சது. தெற்கு லண்டன்ல பிரிக்ஸ்டன், ஏக்கர் லேன், அங்க பழைய இறைச்சி பை ஃபேக்டரி ஒன்ன கலைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாங்க. அதுக்குள்ள இறைச்சிய குளிர்ல வெக்கிற ரூம் ஒன்னு இவங்களுக்கு கெடச்சது, அதுக்கு இவங்க வெச்ச பேரே கோல்ட் ஸ்டோரேஜ். குளிர் வெளிய போகக்கூடாதுன்னு கட்டின செவுரு, ஜன்னல் கிடையாது, அப்ப சத்தமும் வெளிய போகாது, எவ்வளவு நேரம் வேணா வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவு தட்ட மாட்டாங்க. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை ஓடுற ஸ்டுடியோவுல யாரும் ஒரு மணி நேரம் சும்மா ஒரே நோட்ட அழுத்திக்கிட்டு உக்கார முடியாது, சொந்த ரூம்ல முடியும். இவங்க வாசிச்சதெல்லாம் டேப்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு, நல்லது கெட்டதுன்னு அப்பவே முடிவு பண்ணல.

நடுவுல பிபிசி ரேடியோவுல புது பேண்டுகள அறிமுகப்படுத்தின ஜான் பீலுக்கு டேப் அனுப்பி, அவருக்குப் புடிச்சுப்போய் 1977லயே ரெண்டு செஷன் பண்ணாங்க. ஆல்பம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ரேடியோவுல கேட்டவங்க இருக்காங்க. அந்த செஷன் பின்னாடி 'மேட் அவைலபிள்'னு தனியா வந்துச்சு, அதையும் கேளுங்க, ஒரே நாள்ல நேரா வாசிச்சு எடுத்ததுல எப்படி இருக்காங்க, ரெண்டு வருஷம் டேப்ப வெட்டி ஒட்டினதுல எப்படி இருக்காங்கன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு என் பதில்: வேணும்னேதான். கேசட்ல எடுத்ததும் பெரிய ஸ்டுடியோவுல எடுத்ததும் ஒரே ஆல்பத்துல உக்காந்திருக்கு, அத மறைக்க ஒரு முயற்சியும் பண்ணல. டெஸ்ட்கார்டுன்னா டிவில நிகழ்ச்சி இல்லாதப்ப வர்ற படம், ஹாரிசான்டல் ஹோல்ட்னா பழைய டிவில படம் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு ஓடினா திருகுற குமிழ். பேர் வெச்சதுலயே தெரியுது, சிக்னல் வர்றதும் போறதும்தான் அவங்களுக்கு விஷயம். ஆல்பம் முடியிறதும் அதே 'டெஸ்ட்கார்ட்'லதான்.

---

ஸ்பிளைசிங்_பிளாக்:

24 டிராக் லூப் பத்தி நான் சொல்றேங்க, டேப்ல வேல பாத்த ஆளு நான்.

டேப் லூப்புங்கிறது ரொம்ப நேரடியான விஷயம். டேப் மெஷின் செகண்டுக்கு 15 இன்ச் ஓடுதுன்னு வெச்சுக்கங்க, நாலு செகண்ட் டிரம்ஸ் வேணும்னா 60 இன்ச், அதாவது அஞ்சு அடி டேப். பிளேடால சாய்வா வெட்டணும், நேரா வெட்டினா ஒட்டின எடத்துல டப்புனு சத்தம் வரும், சாய்வா வெட்டினா பழைய சத்தம் போகப்போக புது சத்தம் வரும். ரெண்டு முனையையும் ஸ்பிளைசிங் டேப்பால ஒட்டினா வளையம் ஆயிடுச்சு. அஞ்சடி வளையம் மெஷின்ல நிக்காது, அதனால கொஞ்சம் தள்ளி ஒரு மைக் ஸ்டாண்ட வெச்சு அத சுத்தி ஓட விடணும், ரொம்ப இறுக்கினா வேகம் ஆடும், தளர விட்டா சுருளும், பக்கத்துல ஒரு ஆளு நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். இதுல எந்த மாயமும் இல்ல, கைவேலதான்.

மாயம் இருக்கிறது அடுத்ததுல. ஹார்மனைசர்னு ஒரு பெட்டி, ஈவென்டைட் கம்பெனி எச்910, எழுபதுகள் நடுவுல வந்தது. டேப் மட்டும் இருந்தப்ப சுருதிய ஏத்தணும்னா வேகத்தையும் ஏத்தணும், வேற வழி இல்ல. இந்தப் பெட்டி உள்ள வர்ற சத்தத்த ஒரு குட்டி மெமரியில எழுதிக்கிட்டே இருக்கும், எழுதுற வேகம் ஒன்னு படிக்கிற வேகம் ஒன்னுன்னு வெச்சா சுருதி மட்டும் மாறும், தாளம் அப்படியே இருக்கும். ஆனா படிக்கிறது எழுதுறத முட்டிட்டா ஒரு குதி குதிக்கணும், அந்த எடத்துல ஒரு சின்ன வெட்டு, பிசிறு கேக்கும். இன்னிக்கு மென்பொருள்ல அந்தப் பிசிற எடுக்க எவ்வளவோ பாடுபட்டிருக்காங்க, இந்தப் பாட்டுல அந்தப் பிசிறுதான் அழகே. டேவிட் போவியோட 'லோ' ஆல்பத்துல 1977ல டிரம்ஸ் அடிச்சதும் பொத்துனு கீழ விழுமே, டோனி விஸ்கான்டி பண்ணது, அதுவும் இதே பெட்டிதான். அங்க ஒவ்வொரு அடிக்கும் சாயம் பூசுற மாதிரி வெச்சாங்க, திஸ் ஹீட் பாட்டு முழுக்க அதையே வாத்தியமா வாசிச்சாங்க.

லூப் என்னவோ சுத்திக்கிட்டேதான் இருக்கு, மாறவே மாறாது. மாறுறதெல்லாம் மிக்ஸிங் டெஸ்க்ல, டேப்ல தனித்தனியா பதிவான டிராக்குகள்ல எது தொறந்திருக்கு எது மூடியிருக்கு, எது ஹார்மனைசர் வழியா போய்ட்டு வருது, எவ்வளவு மேல எவ்வளவு கீழ. ஹெட்ஃபோன்ல கண்ண மூடிக்கிட்டு கேளுங்க, சத்தத்த ஏத்தி எறக்குற ஃபேடர்ல வெரல் நகர்றது கேக்கும், ஒரு எடத்துல டிரம்ஸோட அடிப்பாகம் மொத்தமா காணாமப் போய் வெறும் மேல்சத்தம் மட்டும் டிக்டிக்னு நிக்கும், மறுபடி கொண்டு வருவாங்க. ஜமைக்காவுல டப்புங்கிற ரெகே ரீமிக்ஸ் பண்ணவங்க டெஸ்க்க வாத்தியமா வாசிச்சாங்கல்ல, அந்தக் காலத்து லண்டன்ல, அதுவும் பிரிக்ஸ்டன்ல இருந்துக்கிட்டு அத கேக்காம இருக்கவே முடியாது.

எல்பியில ரெண்டாம் பக்கம் ஆரம்பிக்கிறதே இந்தப் பாட்டுலதான், அது சரியான எடம்.

---

லெஃப்ட்ஹேண்ட்_டிரம்மர்:

எல்லாம் அருமை, ஆனா நாலாம்தெரு அண்ணன் சொன்னதுல ஒன்ன மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 'வாசிக்கத் தெரியாதவர் இருந்ததுதான் சூட்சுமம்'னு சொன்னா கேக்குற பசங்க ப்ராக்டிஸ் வேண்டாம்னு நெனச்சுக்குவாங்க. ஹேவர்ட் இந்த பேண்டுக்கு முன்னாடியே குவயட் சன்ங்கிற பேண்டுல வாசிச்சவர், ராக்ஸி மியூசிக் பேண்டோட கிடாரிஸ்ட் ஃபில் மன்சனேரா கூட, 1975ல வந்த 'மெயின்ஸ்ட்ரீம்' ஆல்பத்துல அவரு டிரம்ஸ் கேளுங்க, எவ்வளவு கஷ்டமான கணக்கு. புல்லனும் ஹேவர்டும் திஸ் ஹீட்டுக்கு முன்னாடியே சேந்து வாசிச்சிட்டிருந்தவங்க. அஞ்சடி டேப்ப வெட்டி வளையம் போட்டா அது நாள்பூரா கேக்குற மாதிரி இருக்கணும்ல, மோசமா அடிச்ச நாலு செகண்ட வெட்டி வளையம் போட்டா ரெண்டாவது சுத்துலயே எரிச்சலாயிடும். இந்தப் பாட்டோட லூப்புக்குள்ள ஸ்னேர் டிரம் எங்க விழுதுன்னு கவனிச்சுப் பாருங்க, நேரா இல்லாம லேசா பின்னாடி சாஞ்சிருக்கு, அதனாலதான் சுத்த சுத்த இழுக்குது. அது பல வருஷம் அடிச்ச கை.

---

நாலாம்தெரு_ரெக்கார்ட்ஸ்:

ஹேவர்ட் கையப் பத்தி நீங்க சொன்னதுல மறுப்பே இல்ல தம்பி. ஆனா 'நாட் வேவிங்' கேளுங்க. ஆர்கன் ஒரே எடத்துல நிக்குது, கிளாரினெட் அங்கங்க மூச்சு விடுது, மேல ஒரு குரல் பாடுது, பாடுதுன்னு கூட சொல்ல முடியாது, தண்ணிக்குள்ள இருந்து ஒருத்தன் பேசுற மாதிரி. நல்லா பழகின பாடகர் யாரும் அந்த எடத்துல அப்படி கை விட்டுட்டு நிக்க மாட்டாங்க, ஏதாவது சங்கதி போட்டு நிரப்பிடுவாங்க. கடைசிப் பாட்டுக்கு முந்தின 'ஃபால் ஆஃப் சைகோன்' எடுத்துக்கங்க, அமெரிக்கத் தூதரகத்துல மாட்டிக்கிட்டவங்க பசியில பூனைய தின்னு, டிவிய தின்னு, நாற்காலிய தின்னுறதா வர்ற பாட்டு, சைகோன் விழுந்தது 1975ல, பேண்ட் ஆரம்பிச்சது அடுத்த வருஷம், அதாவது அன்னிக்கு நியூஸ்ல பாத்தது. அத தாலாட்டு மாதிரி மெதுவா பாடுறாங்க, கேக்கக் கேக்க வயித்தக் கலக்கும். அங்க வாசிப்புத் திறமைய விட எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்சதுதான் பெருசு. ரெண்டும் வேணும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

இன்னொரு விஷயம் நம்ம ஆளுங்களுக்குப் புடிக்கும், வில்லியம்ஸ் பின்னாடி பேண்ட விட்டுட்டு கதகளி படிக்க கேரளாவுக்கு வந்துட்டாரு. ரெண்டாவது ஆல்பம் 'டிசீட்' 1981ல வந்ததோட இந்த மூணு பேரும் சேந்து பண்ணது முடிஞ்சுது. அப்புறம் மேரி கரி கூட சேந்து 'ஃப்ளேமிங் டியூன்ஸ்'னு ஒரு கேசட் 1985ல போட்டார், வீட்ல எடுத்தது, அவ்வளவு மென்மையா இருக்கும். 2001ல இறந்துட்டார். 2016ல ஹேவர்டும் புல்லனும் திரும்ப மேடை ஏறினப்ப 'திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்'னு பேர் வெச்சுக்கிட்டாங்க, அவரு இல்லாம அந்தப் பழைய பேர அப்படியே எடுத்துக்கல, அது எனக்கு ரொம்பப் பெரிய மரியாதையா தெரிஞ்சது.

---

மொட்டமாடி_செட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஒரு கேள்வி இருக்கு. எங்ககிட்ட ஒவ்வொரு ரிகர்சலும் ஃபோன்ல எடுத்தது கெடக்கு, எதுக்கும் ஆகாதுன்னு விட்டுட்டோம். அதுல ஒரு பாட்டு ஃபோன்ல இருக்கிறது ஸ்டுடியோவுல எடுத்தத விட பயங்கர வேகத்துல ஓடுது, ஆனா ஃபேன் சத்தம், நடுவுல யாரோ கதவ சாத்துற சத்தம் எல்லாம் இருக்கு. இத ஆல்பத்துல போடலாமா, போட்டா ரெண்டையும் எப்படி ஒட்டுறது?

---

ஸ்பிளைசிங்_பிளாக்:

தாராளமா போடலாமுங்க. ஃபேன் சத்தத்த நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுக்காதீங்க, எடுத்தா டிரம்ஸோட பளபளப்பும் சேந்து போய் தண்ணியில ஊறின மாதிரி ஆயிடும். ஸ்டுடியோ டேக்ல இருந்து ஃபோனுக்கு மாறுற எடத்த மெதுவா கலக்க வேண்டாம், ஒரு அடி விழற எடத்துல, ஸ்னேரோ கிக்கோ, அதுக்கு முடி அளவு முன்னாடி வெட்டுங்க, அந்த அடி வெட்ட மறைச்சிடும், காது புது சத்தத்த அப்பதான் கேக்குற மாதிரி ஏத்துக்கும். டெம்போ ரெண்டும் ஒத்துப்போகலேன்னா ஃபோன்ல உள்ளத இழுக்காதீங்க, வேகம் மாறட்டும், அதுதான் உங்களுக்குப் புடிச்ச விஷயமே. லெவல் மட்டும் பாத்துக்கங்க, ஃபோன்ல எடுத்தது ஏற்கனவே நசுங்கி இருக்கும், ஒரே மீட்டர் காட்டினாலும் காதுக்கு சத்தமா கேக்கும், ரெண்டு மூணு டெசிபல் கீழ வெச்சு ஆரம்பிங்க. கதவு சாத்துற சத்தம் எந்த பீட்ல விழுதுன்னு பாத்துட்டு சொல்லுங்க, நான் கேட்டுட்டு அத வெக்கலாமா எடுக்கலாமான்னு சொல்றேன்.